அட்டையை வெட்டும்போது வெட்டுப்படுவது

"அண்ணாச்சி, தடுமனுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க."

ராஜபாளையத்து மெடிக்கல் கடைகளில் பாதி நாள் இதுதான் மருந்துச்சீட்டு. பஞ்சாலை ஊர். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று ஒரு பக்கம், மில்லின் பஞ்சுத்தூசி ஒரு பக்கம். மூக்குக்கு ஓய்வே கிடையாது. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரையைக் காகித உறையில் போட்டு நீட்டுவார். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் பல நேரம் கடையிலேயே தங்கிவிட்ட மறுபாதியில் இருக்கும்.

நம் கைக்கு வந்த துண்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு மருந்தல்ல, மூன்று. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால். தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் குளோர்பெனிரமைன் போன்ற ஒவ்வாமை மருந்து. மூக்கடைப்புக்குப் பினைலெஃப்ரின். மூன்றும் மூன்று வேலை செய்யும். மூன்றுக்கும் ஆகாத ஆட்கள் வேறு வேறு.

குளோர்பெனிரமைன் தூக்கத்தைக் கொண்டுவரும். வீட்டில் படுத்துக்கொள்பவருக்கு அது வரம்தான். நைட் ஷிப்டில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிறவருக்கும், விடிகாலையில் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி ஓட்டுகிறவருக்கும் அது விபத்து. மேலே கொஞ்சம் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும். இதே மருந்து வாயையும் உலர்த்தும், சிறுநீர்ப்பை சுருங்குவதையும் தளர்த்தும். புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகும் தாத்தாவுக்கு இரண்டு வேளை கொடுத்தால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் டியூப் போடும் நிலை வரலாம். கண் அழுத்த நோயின் ஒரு வகையில் அழுத்தம் திடீரென ஏறலாம். முதியவர்களுக்குத் தடுமாற்றமும் குழப்பமும் வரும். வயசாயிட்டுதுன்னு நாமும் விட்டுவிடுவோம்.

பினைலெஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும். மூக்கில் மட்டும் சுருக்கு என்று அதற்குச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம், இதயநோய், தைராய்டு அதிகச் சுரப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நம் ஊர்களில் பலருக்குப் பிரஷர் மாத்திரை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வாசலுக்கே வருகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு, மேலே பிரஷரை ஏற்றக்கூடிய மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். மருந்துக்குப் பணியாத காசநோய்க்கு லினசோலிட் சாப்பிடுகிறவர்கள், சில வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பினைலெஃப்ரின் மூக்கைத் திறக்கிறதா என்பதே சந்தேகம். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்துத் துறையின் ஆலோசனைக் குழுவில் 16 பேரும் ஒருமனதாகச் சொன்னது: வாய்வழி எடுத்தால் அது மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை. 2024 நவம்பரில் அத்துறை சீட்டில்லாமல் கடையில் விற்கும் மருந்துகளிலிருந்து அதை நீக்கவே முன்மொழிந்தது. ஆவி பிடிப்பதும் உப்புநீர்ச் சொட்டும் மட்டமில்லை என்பது என் கட்சி.

பாராசிட்டமாலில் இருப்பது கணக்குப் பிழை. சளி மாத்திரையிலும் அது இருக்கிறது என்று தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாக 650 போடுவோம். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கும் முன்பே.

இனி குழந்தைகள். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் மத்திய அரசே இதற்கு அறிவிக்கை வெளியிட்டது. பெரியவர் மாத்திரையை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுக்கும் பழக்கமும் இந்தத் தடைக்குள் அடங்கியதுதான்.

அந்த ஆண்டு அக்டோபரில் வெளியே வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் கோல்ட்ரிஃப் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அதிலும் இதே மூன்று மருந்துகள்தான். கொன்றது அவையல்ல, கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு. தயாரித்த இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் 48.6 சதவீதம் நச்சு இருந்தது. 0.1 சதவீதம்தான் வரம்பு. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

பரிசோதனையில் பிடிபட்டது எஸ்.ஆர்.13 என்னும் பேட்ச். வெட்டிய அட்டையில் நாம் இழப்பது அந்த எண்ணைத்தான்.

எண்ணும் பில்லும் கையில் இருந்தால் சட்டம் நம் பக்கம் வரும். மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெற எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் புகார் அப்புறம், முதலில் 108.

நஷ்டஈடு கேட்க மதுரைக்குப் போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் கேடு வந்தால் தயாரித்தவரோடு விற்றவரும் பொறுப்பாக வேண்டியிருக்கும். வாங்கியதன் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915க்குப் பேசியும் வழி கேட்கலாம். ஆணையத்தில் காட்ட வேண்டியது பில், மிச்ச மருந்து, டாக்டர் சீட்டு. காகித உறையில் வந்த பெயரில்லாத மாத்திரையை வைத்துக்கொண்டு யார் மேல் வழக்குப் போடுவது?

ஆகவே அடுத்த தடவை தடுமனுக்குக் கடையேறும்போது உங்கள் வியாதிகளையும் மாத்திரைகளையும் முதலில் சொல்லுங்கள். கத்தரியை எடுக்கும் அண்ணாச்சியிடம், "பேட்ச் நம்பரைப் பில்லுல போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள்.