நடுங்கிய காரும் அணையாத விளக்கும்

காருக்கு வாய் உண்டா? உண்டு. டிரைவருக்கு எதிரே மினுக்குகிற சின்னச் சின்ன விளக்குகள்தான் அதன் வாய். அந்த வாய் சொன்னதைப் பாதி கேட்டு, மீதியை ஊகித்து, பணத்தைக் கொட்டியவர் என் தங்கையின் கணவர்.

அவர் வீடு பாம்பனில் இருக்கிறது. வாசலில் நின்றால் கடல் தெரியும். கார் நிற்பதும் அந்த வாசலில்தான். எட்டு வருடத்துப் பெட்ரோல் கார். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம், என் தங்கையின் நேர்த்திக்கடனுக்காக எல்லோரும் அந்தக் காரில் ஏர்வாடி தர்காவுக்குப் புறப்பட்டோம். மதம் பாராமல் மக்கள் வந்து போகும் இடம் அது.

கார் கிளம்பும்போதே நடுங்கியது. குளிர் காய்ச்சல்காரனைப் போல உடம்பெல்லாம் உதறல். பலகையில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் சறுக்கலைத் தடுக்கும் விளக்கும் எரிந்தது.

"மூன்று மாதமாக இப்படித்தான் மச்சான்" என்றார் அவர். "ஒரு ஒர்க்ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பத்து நாள் விளக்கு எரியவில்லை. பிறகு பழைய கதைதான்."

ராமநாதபுரம் தாண்டி, திருப்புல்லாணி தாண்டி, கீழக்கரை தாண்டினோம். அதுவரை நிலையாக எரிந்த மஞ்சள் விளக்கு, திடீரென்று கண் சிமிட்டத் தொடங்கியது. கார் முக்கியது. பெட்ரோல் வாடை அடித்தது. பின் சீட்டில் குழந்தைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

கண் சிமிட்டினால் ஆபத்து

நிலையாக எரியும் மஞ்சள் விளக்கு வேறு, சிமிட்டும் மஞ்சள் விளக்கு வேறு. நிலையாக எரிந்தால், 'சீக்கிரம் கவனி' என்று பொருள். சிமிட்டினால், 'இப்போதே கவனி' என்று பொருள்.

ஏன்? பெட்ரோல் என்ஜினில் ஒரு சிலிண்டர் எரியாமல் தவறினால், அதில் போன பெட்ரோல் பச்சையாகவே புகைக்குழாய்க்கு வந்துவிடும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூச்சு. தங்கம் போல விலை உள்ள உலோகங்கள்! பச்சைப் பெட்ரோல் அந்தச் சூட்டில் போய் எரிந்தால் பீங்கான் உருகிப்போகும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய கோளாறு, பல ஆயிரத்துக்குப் போவது இப்படித்தான்.

மைத்துனர் வேகத்தைக் குறைத்தார். சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரிந்தது. மெல்ல உருட்டிக்கொண்டு ஏர்வாடிக்குள் போய், சாலையோரத்துக் கொட்டகை ஒன்றின் முன் நிறுத்தினோம்.

கொட்டகைக்காரருக்கு வயது அறுபது இருக்கும். கைலியும் எண்ணெய்க் கறையுமாக வந்தார்.

"பாய், கொஞ்சம் பாருங்கள். சென்சார் போய்விட்டது என்றார்கள். மாற்றியும் கேட்கவில்லை" என்றார் மைத்துனர்.

"என்ன மாற்றினீர்கள் என்பது இருக்கட்டும் தம்பி. எப்போது நடுங்குகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா? மழை பெய்தால் அதிகமா?"

இந்தக் கேள்விகளை மூன்று மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை!

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் உண்டு. பதினாறு ஊசிகள் கொண்டது. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார் எல்லாவற்றிலும் இது கட்டாயம். நம் நாட்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்ந்து வந்தது. பாய் ஒரு சிறு கருவியை அதில் செருகினார். இரண்டு எண்கள் வந்தன. பி 0302, பி 0171.

முதல் எண்ணுக்கு, இரண்டாவது சிலிண்டர் எரியாமல் தவறுகிறது என்று பொருள். இரண்டாவது எண்ணுக்கு, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள்.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும்? கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஒருவன் கையை விட்டால் கயிறு ஒரு கணம் தளரும். என்ஜினில் நான்கு சிலிண்டர்கள் முறை வைத்து ஒரு தண்டைச் சுழற்றுகின்றன. ஒன்று கை விட்டால் சுழற்சி ஒரு கணம் தளரும். எந்த முறையில் தளர்ந்தது என்று கணக்குப் பார்த்து, 'இரண்டாம் ஆள் இழுக்கவில்லை' என்று எழுதி வைக்கிறது.

சாட்சிக்குத் தண்டனை

"அப்படியானால் சென்சார்?" என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். "எரியாத சிலிண்டரிலிருந்து காற்று அப்படியே வெளியே வருகிறது. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் சென்சார், 'காற்று அதிகமாக வருகிறதே' என்று உண்மையைச் சொன்னது. உண்மை சொன்னவனைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்!"

சறுக்கல் விளக்கும் அப்படித்தான். அதற்குத் தனி நோய் இல்லை. என்ஜினை நம்ப முடியாதபோது, 'என்னாலும் வேலை செய்ய முடியாது' என்று சில கார்களில் அதுவும் சேர்ந்து எரியும்.

எண் என்பது கோளாறு தெரிந்த இடத்தைச் சொல்கிறது. எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை குடும்பங்கள் பணம் இழக்கின்றனவோ!

"என்ஜின் ஆறட்டும். நீங்கள் தர்காவுக்குப் போய் வாருங்கள். சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும்" என்றார் பாய். போய்விட்டு வந்தோம். மைத்துனர் மட்டும் காரை விட்டு நகரவில்லை.

திரும்பி வந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தர ஒரு காயில் உண்டு. இரண்டாம் காயிலை எடுத்து மூன்றாம் இடத்தில் வைத்தார். மூன்றாவதை இரண்டில் வைத்தார். பழைய எண்ணை அழித்துவிட்டு என்ஜினை ஓட விட்டார். கோளாறு காயிலில் இருந்தால் அதுவும் மூன்றாம் இடத்துக்குப் போக வேண்டும். போகவில்லை. மறுபடியும் 0302!

அடுத்தது பிளக். அதையும் இடம் மாற்றினார். மறுபடியும் 0302.

இரண்டையும் ஒரே தடவையில் மாற்றியிருந்தால் நேரம் மிச்சமாகி இருக்கும். ஆனால் கோளாறு நகர்ந்திருந்தால், எதோடு நகர்ந்தது என்று தெரியாமல் போயிருக்கும். அம்பாஸிடர் காலத்து மெக்கானிக்குகளும் ஒவ்வொரு பிளக் வயராகத்தான் உருவி, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். (இன்றைய காரில் என்ஜின் ஓடும்போது அப்படி உருவாதீர்கள். அடிக்கிற மின்சாரம் பல்லாயிரம் வோல்ட்!)

"மிச்சம் வயர்தான்" என்ற பாய், பாட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டாம் காயிலுக்குப் போகும் கனெக்டரைப் பிடித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். அதைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் கிழிந்திருந்தது. உள்ளே செம்பு ஊசியில் பச்சைக் களிம்பு! பித்தளைக் குடத்தில் ஏறுமே, அதே களிம்பு.

கடற்காற்றின் வேலை

பாம்பன் கரையில் உப்புக் காற்று சும்மா இருப்பதில்லை. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தோடு அது நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கு நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் தனிப் பூச்சும் வேண்டியிருந்தன. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க இந்த மண்டபம் கரையைத்தான் தேர்ந்தெடுத்தது. பாலத்தையே தின்னும் காற்றுக்கு ஊசி முனை எம்மாத்திரம்?

களிம்பு இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. மழை ஈரத்தில் இன்னும் மோசமாகும். நவம்பர் மழையில் நடுக்கம் கூடியதன் ரகசியம் அதுதான்.

பாய் மருந்து தெளித்து, சிறு பிரஷால் தேய்த்து, ஊசியை இறுக்கி, புது ரப்பர் போட்டார். என்ஜினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டினார். என்ஜின் ஓடியது. நடுக்கம் இல்லை! எண்களை அழித்தார். விளக்குகள் அணைந்தன.

மைத்துனர் பணத்தை எடுத்தார். "இருங்கள். விளக்கை அணைப்பது பெரிய வித்தையா? அரை மணி ஓட்டிவிட்டு வாருங்கள். மறுபடி படித்துப் பார்க்கலாம்" என்றார் பாய். ஓட்டிவிட்டு வந்தோம். எந்த எண்ணும் இல்லை. 0171 கூடப் போய்விட்டது.

கூலி 600 ரூபாய்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். மஞ்சளுக்குக் காட்டும் பொறுமை சிவப்புக்கு ஆகாது. எண்ணெய்க் குவளை விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். எண்ணெய் ஓடாத என்ஜின் சில நிமிடத்தில் நாசமாகிவிடும். சூட்டு விளக்கு எரிந்தாலும் நிறுத்த வேண்டும். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. பாட்டரி விளக்கு எரிந்தால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று பொருள். இருப்பு தீரும்வரைதான் கார் ஓடும். பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் கைப் பிரேக்கை இறக்கினோமா என்று பார்க்கலாம். இறக்கியும் எரிந்தால் ஓட்டக் கூடாது.

இருட்டிய பிறகு பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினோம். காற்று விசிறி அடித்தது. மைத்துனரின் கண் சாலையில் இல்லை. விளக்குப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் அணைந்துவிட்டதே, ரோட்டைப் பாருங்கள்!" என்று என் தங்கை ஒரு அதட்டல் போட்டாள்.