மேசையிலா, சட்டைப்பையிலா? ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் வாங்கும் முன்

“சத்தமே பத்தலை தம்பி. ஹெட்ஃபோனுக்குன்னு ஏதோ ஆம்ப்ளிஃபயர் விக்கிறாங்களாமே, அதுல ஒண்ணு வாங்கிக் குடேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா இப்படிக் கேட்டபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். வானொலியில் வேலை பார்ப்பவனுக்கு ஒலிக்கருவி வாங்க ஒரு சாக்கு கிடைத்தால் போதாதா? “200 வெள்ளிக்குள்ள பாரு” என்று அப்பாவே வரம்பும் போட்டுவிட்டார்.

அன்றிரவே தேட ஆரம்பித்தேன். மேசையில் வைக்கும் பெரிய ஆம்ப், சட்டைப்பையில் அடங்கும் சின்ன ஆம்ப் என்று இரண்டு வகை. எதை வாங்குவது? இந்தக் கேள்வியை நேயர்கள் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விடை தேடப் போன இடத்தில் எனக்குத் தெரிந்தது வேறொன்று.

முதலில், ஆம்ப் தேவைதானா?

கைப்பேசியில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அந்த எண்களை மின்னலையாக மாற்றுவது ‘டேக்’ எனப்படும் சில்லு. அந்த மின்னலைக்கு ஹெட்ஃபோனை அசைக்கும் அளவு வலு கொடுப்பது ஆம்ப். கைப்பேசியில் செருகும் சின்ன ‘டாங்கிள்’ வயருக்குள்ளும் இவை இரண்டும் உண்டு. ஆகவே, டாங்கிள் வைத்திருக்கும் எல்லாரிடமும் ஏற்கெனவே ஓர் ஆம்ப் இருக்கிறது. அது போதுமா என்பதுதான் கேள்வி.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டுமே பயன்படுத்துபவர்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கான ஆம்ப் ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொன்றைச் சேர்க்க வழியில்லை.

வயர் ஹெட்ஃபோன் என்றால் பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஓம் கணக்கில் வரும் மின்மறுப்பு. மற்றது டெசிபல் கணக்கில் வரும் உணர்திறன். “ஓம் அதிகம் என்றால் ஆம்ப் கட்டாயம்” என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வெறும் 25 ஓம். ஆனால் உணர்திறன் 91 டெசிபல்தான் என்பதால் அதற்குக் கணிசமான மின்னோட்டம் வேண்டும். சின்ன டாங்கிள் திணறக்கூடும். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கணக்கு சொன்ன சேதி

அப்பாவிடம் இருப்பது நான் கொடுத்த பழைய பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 250 ஓம் வகை. உணர்திறன், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். சாதாரண டாங்கிள் 1 வோல்ட் தந்தால் இந்த ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது 4 மில்லிவாட். அப்படியானால் உச்ச ஒலி ஏறத்தாழ 102 டெசிபல். பாட்டின் சராசரி ஒலி அதைவிடக் குறைவாக இருந்தாலும், அமைதியான அறையில் அது தாராளம்.

அப்புறம் எப்படி அப்பாவுக்குப் பத்தவில்லை?

மறுநாள் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒலி அளவை மாற்றாமல் ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்தேன். இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை, கழற்றிவிட்டேன். “என்னப்பா இது, இவ்வளவு சத்தம்!” என்றேன். “சத்தம் இருக்குடா. பாடுறது என்ன வார்த்தைன்னுதான் விளங்கலை” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை உட்கார வைத்துவிட்டது. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது மேல்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது மங்கிவிட்டால் பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. ஒலியைக் கூட்டுவது அதற்கு மருந்தாகாது. மிச்சமிருக்கும் செவித்திறனையும் அது தின்றுவிடும்.

பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 100 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம்தான். ஆசையாக ஆம்ப் வாங்கிக் கொடுத்திருந்தால், அப்பாவின் காதைக் கெடுக்க நானே கருவி கொடுத்தவனாகியிருப்பேன்.

பலதுறை மருந்தகத்திற்குச் சென்று, அங்கிருந்து மருத்துவமனைச் செவிப் பரிசோதனைக்குப் போனோம். இரண்டு காதிலும் குறைபாடு என்றார்கள். இப்போது செவித்துணைக் கருவி அணிகிறார். மூத்தோருக்கு அதை வாங்க அரசாங்க உதவித்தொகையும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

மேசையா, சட்டைப்பையா?

சரி, ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படுபவர் எதை வாங்குவது? “எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்?” என்பதே என் முதல் கேள்வி.

எம்ஆர்டியிலும் பேருந்திலும்தான் பாட்டு என்றால் டாங்கிள் போதும். சுமார் 15 வெள்ளியிலிருந்து கிடைக்கும். ரயில் இரைச்சலில் நுணுக்கமான வித்தியாசங்கள் காதில் விழாது. அங்கே காதை நன்றாக அடைக்கும் இயர்ஃபோன்தான் முக்கியம். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. டாங்கிள் கைப்பேசியின் மின்சாரத்தில் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். சொந்த பேட்டரி உள்ள சின்ன ஆம்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் அந்த பேட்டரிக்கும் வயதாகிவிடும்.

வீட்டில் ஒரே நாற்காலி, ஒரே மேசை என்றால் மேசை ஆம்ப். ஒரே விலையில் அதிக வலு தருவது பெரும்பாலும் இதுதான். பேட்டரி கவலை இல்லை. பல ஆண்டுகள் உழைக்கும். சிடி பிளேயர், மடிக்கணினி எல்லாவற்றையும் இணைக்கலாம். ஆனால் டேக் சேர்ந்ததா, வெறும் ஆம்ப் மட்டுமா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ஆம்பை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்துப் பாட்டுக் கேட்க முடியாது.

வலு அதிகம் என்பது எப்போதும் நன்மையும் அல்ல. உணர்திறன் மிகுந்த இயர்ஃபோனை வலுவான ஆம்பில் செருகினால், பாட்டு நிற்கும் இடத்தில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். குமிழைத் தொட்டாலே காது அதிரும்.

200 வெள்ளியை எப்படிப் பிரிப்பது?

ஒலியின் தரத்தை மாற்றுவதில் முதலிடம் ஹெட்ஃபோனுக்கு. ஆம்ப் அதற்குப் பின்னால்தான். உங்கள் ஹெட்ஃபோன் சுமாரானது என்றால் முதலில் அதை மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் டாங்கிள் வாங்கி ஒரு மாதம் கேளுங்கள். ஒலி அளவை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாமலே போதுமானதாக இருக்கிறதா? அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குபவர்கள் அடாப்டரைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான சில ஆம்புகளோடு வருவது 120 வோல்ட்டுக்கான அடாப்டர். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும். வேறு முனையை மாட்டுவதால் வோல்ட் மாறாது. விலையோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முடிந்தால் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கு உங்கள் ஹெட்ஃபோனோடு போங்கள். அங்குள்ள ஒலிக்கருவிக் கடைகளில் செருகிக் கேட்டுப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். டாங்கிளையும் ஆம்பையும் ஒரே ஒலி அளவில் வைத்து ஒப்பிடுங்கள். சற்றே கூடுதல் சத்தம் எப்போதும் ‘நல்ல தரம்’ போலவே ஏமாற்றும்.

அப்பாவுக்கு என்ன வாங்கினேன்?

கடைசியில் மேசை ஆம்ப்தான். இணையத்தில் ஒருவர் பயன்படுத்தி விற்றது, 90 வெள்ளி. சத்தத்துக்காக வாங்கவில்லை. கைப்பேசித் திரையில் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்குள் அவர் விரல் தடுமாறும். பாதி நாள் தவறுதலாகவே சத்தம் ஏறிவிடும். ஆம்பில் பெரிய குமிழ் இருக்கிறது, மெதுவாகத் திருப்பலாம். சிராங்கூன் சாலையில் அவர் வாங்கிச் சேர்த்த சிடிக்களும் பழைய பிளேயரும் மறுபடி உயிர்பெற்றன.

செவித்துணைக் கருவிக்கு மேலேயே ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறார். செவிப் பரிசோதகரிடம் கேட்டு, பாதுகாப்பான ஒலி அளவு எது என்று தெரிந்துகொண்டோம். குமிழில் அந்த இடத்தில் அம்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

போன வாரம் எட்டிப் பார்த்தேன். குமிழ் புள்ளிக்கும் கீழேதான் இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து வார்த்தை பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.