இடது காலை முன்வைத்து ஒரு வீச்சு

‘ரூரோனி கென்ஷின்’ 1994இல் தொடராக வரத் தொடங்கிய ஜப்பானியப் படக்கதை. நாயகன் கென்ஷின் ஆள் குள்ளம், ஒல்லி. ஆனால் அவன் வாள் எப்போது உறையைவிட்டு வந்தது என்பதே எதிராளிக்குத் தெரியாது. அவன் கற்ற ‘ஹிட்டென் மிட்சுருகி’ வாள்முறை முழுக்கக் கற்பனை. வேகம்தான் அதன் உயிர். வாள் இடது இடுப்பில் இருப்பதால், உருவும்போது வலது காலை முன்வைப்பதே வழக்கம். இடது காலை வைத்தால் சொந்தக் காலே வெட்டுப்படலாம். இந்த முறையின் உச்ச வித்தையோ துணிந்து இடது காலைத்தான் எடுத்து வைக்கிறது! அந்த ஓரடிதான் வீச்சுக்குக் கூடுதல் வேகம் தருகிறதாம். வீட்டில் யாரும் முயல வேண்டாம். கென்ஷினுக்கு முன்மாதிரி மட்டும் நிஜ மனிதர்: 1864இல் கியோட்டோவில் அறிஞர் சகுமா ஷோசானை வெட்டிச் சாய்த்த கவகாமி கென்சாய்.