ஒற்றை மிளகின் எடை

பேளுக்குறிச்சியில் சனிக்கிழமைச் சந்தை கலைந்து, மூட்டைகள் வண்டியேறிப் போனபின், நன்றாக இருட்டட்டும். கிழக்கே திரும்பி நின்றால் கொல்லிமலை கறுப்புச் சுவராக எழுந்து நிற்கும். மேகமில்லாத நாளாக இருந்தால் மலையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் சட்டென்று ஒரு விண்மீன் முளைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, சுவிட்ச் போட்டதுபோல. நிலா அப்படி வராது. முதலில் ஒரு கீற்று, பிறகு பாதி, பிறகு முழுசு என்று மலையைவிட்டு வெளியே வர இரண்டு நிமிடமாவது எடுத்துக்கொள்ளும். நிலாவுக்கு நம் கண்ணில் அகலம் இருக்கிறது, விண்மீனுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரு விளிம்புக்குப் பின்னாலிருந்து வெளிப்பட எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்தால், அந்தப் பொருள் எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடலாம். இந்த எளிய உண்மையை நம்பித்தான் ஊட்டியில் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி கட்டினார்கள்.

பேளுக்குறிச்சியிலிருந்து மேற்கே 150 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஊட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தொலைநோக்கி நிற்கும் முத்தோரை வரும். இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 11 பாகைக்குச் சற்று மேலே இருக்கின்றன. பேளுக்குறிச்சியின் உச்சிவானத்தைக் கடக்கும் விண்மீன் சுமார் ஆறு நிமிடம் கழித்து முத்தோரையின் உச்சியைக் கடக்கும். அந்த 11 பாகைதான் இந்தக் கதையின் அச்சாணி.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கிய கருவி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கண்ணாடி ஏதும் கிடையாது. 24 பரவளையச் சட்டங்கள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கம்பிகளுக்கிடையே வானம் தெரியும், மழை ஒழுகும். ஆனால் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ள ரேடியோ அலைக்கு அந்தக் கம்பிப் பந்தல் முழுப் பளிங்குச் சுவர் மாதிரி. அலை அதில் பட்டுத் திரும்பி நடுக்கோட்டிலுள்ள ஏற்பிகளில் குவிகிறது.

இதைச் சமதரையில் வைத்திருந்தால் வானத்துப் பொருள் ஒன்றைப் பின்தொடர இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அரை கிலோமீட்டர் இரும்பை அப்படி ஆட்டுவிப்பது எளிதல்ல. அதனால் தெற்கிலிருந்து வடக்கே 11 பாகை சாய்வாக ஏறும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். இடத்தின் அட்சரேகையும் சரிவின் சாய்வும் ஒன்றாக இருந்தால், சரிவில் கிடத்திய கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே அச்சில் மெதுவாகச் சுழற்றினால் போதும், ஒரு பொருளைக் கிழக்கிலிருந்து மேற்கே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். வடமுனை தென்முனையைவிட நூறு மீட்டர்போல உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் இதே காரியத்துக்கு 28 பாகைச் சரிவு வேண்டியிருக்கும், அதில் கட்டடம் எழுப்புவது பெரும்பாடு. நம் தென்கோடி நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதும், நீலகிரியில் அப்படியொரு சரிவு கிடைத்ததும் சேர்ந்து தந்த வரம் இது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் இவ்வளவு பெரிய கருவிக்கும் பார்வை மங்கல். ரேடியோ அலை நீளமானது, அதனால் கூர்மை குறைவு. கிழக்கு மேற்காக அதன் பார்வை இரண்டு பாகை அகலம், அதாவது நான்கு நிலாவை வரிசையாக வைத்த அளவு. அதற்குள் தொலைதூரத்து விண்மீன் திரள் ஒன்று எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்று எப்படிச் சொல்வது? ஸ்வரூப் நிலாவைத் துணைக்கு அழைத்தார். 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹஸார்டும் கூட்டாளிகளும் நிலா மறைத்த நேரத்தைக் குறித்தே 3சி 273 என்ற ரேடியோ மூலத்தின் இடத்தைத் துல்லியமாகச் சொன்னார்கள். அதுவே குவாசர்கள் எனப்படும், மிகத் தொலைவிலிருந்தும் பிரகாசிக்கும் மூலங்களை அடையாளம் காண வழிவிட்டது. நிலா விண்மீன்களுக்கிடையே ஒரு விநாடிக்கு அரை வில்விநாடி நகர்கிறது. நாணயம் ஒன்றை ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அகலம் ஏறத்தாழ ஒரு வில்விநாடி. ஆக, நிலாவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கத் தொடங்கிய கணத்தையும் முழுக்க மறைத்த கணத்தையும் குறித்துக்கொண்டால், மங்கலான தொலைநோக்கிக்கும் கழுகுக் கண் கிடைத்துவிடும். கொல்லிமலையின் விளிம்பு நமக்குச் செய்யும் வேலையை, நிலாவின் விளிம்பு ஊட்டிக்குச் செய்தது.

இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான மூலங்களை ஊட்டிக் குழு அளந்தது. அவற்றில் பெரும்பாலானவை, நடுவிலுள்ள கருந்துளை இரண்டு பக்கமும் பீய்ச்சியடிக்கும் எலக்ட்ரான்களால் ஒளிரும் தொலைதூரத் திரள்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரிதான் இருந்ததா, மாறிக்கொண்டே வந்ததா என்ற வழக்கு அப்போது முழுசாகத் தீர்ந்திருக்கவில்லை. 1975-இல் ஸ்வரூபும் விஜய் கபாஹியும் தங்கள் அளவுகளை வைத்துச் சொன்ன விடை: மாறியிருக்கிறது. மங்கலான மூலங்கள் அளவிலும் எண்ணிக்கையிலும் நடந்துகொண்ட விதம், மாறாத பிரபஞ்சத்தோடு ஒத்துப்போகவில்லை. அந்த மங்கலான மூலங்களின் அலைகள் புறப்பட்ட பழங்காலத்தில் ரேடியோ திரள்கள் இன்றைவிட அதிகமாகவும், உருவில் சிறியவையாகவும் இருந்தால்தான் கணக்கு நேராகிறது. நீலகிரித் தேயிலைக்கு நடுவே கம்பி கட்டிக் கேட்ட செய்தி அது.

இன்னும் மங்கலானவற்றுக்கு நிலாவும் போதாது. அதற்கு நாம் சந்தைக்கே திரும்ப வேண்டும்.

ஆண்டுக்கு வேண்டிய மல்லி, மிளகு, சீரகம், கடுகு வாங்கப் பல ஊர்க்காரர்கள் பேளுக்குறிச்சி சந்தைக்கு வருகிறார்கள். மிளகு விற்கும் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: இந்தத் தராசில் ஒரே ஒரு மிளகை நிறுக்க முடியுமா? "ஒத்த மிளக எப்படிங்க நிறுக்கறது? தட்டு காத்துக்கே ஆடுதுங்க. ஒரு கை அள்ளிப் போடுங்க, சொல்றேன்" என்றார். அந்தக் கைப்பிடியின் எடையை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி மிளகு ஒன்றின் எடை வந்துவிடும். காற்றின் ஆட்டம் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். மிளகின் எடை மட்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

புனே அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ தொலைநோக்கித் தட்டுகள், 25 கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடக்கின்றன. அதுவும் ஸ்வரூப் கட்டியதுதான். பிரபஞ்சத்தில் விண்மீன் செய்வதற்கான கச்சாப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அது 1,420 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய குரலில் பேசுகிறது. தொலைதூரத் திரளிலிருந்து வரும்போது, இடையில் வானவெளியே விரிந்துவிடுவதால் குரல் தாழ்ந்து 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும். ஒவ்வொரு திரளும் வெவ்வேறு தூரம், ஆகவே வெவ்வேறு சுருதி. தனித்தனியாகக் கேட்டால் இரைச்சல் தவிர ஒன்றுமே காதில் விழாது.

ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்ட ஐவர் இதற்கு மிளகுக்காரம்மாவின் வழியைக் கையாண்டார்கள். ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி முன்பே தூரம் கண்டுவைத்திருந்த 7,653 திரள்களை எடுத்துக்கொண்டார்கள். கோடத்தில் சுமார் 100 மணி நேரம் அவற்றின் பக்கம் செவிசாய்த்தார்கள். ஒவ்வொன்றின் சுருதியையும் அதன் தூரத்துக்கேற்ப ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினார்கள். இப்படிக் கூட்டிச் சராசரி எடுத்தால், இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தணியும். 7,653-க்கு அது ஏறத்தாழ 87 மடங்கு. அந்த அமைதிக்குள் ஹைட்ரஜனின் குரல் எழுந்து நின்றது.

சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயுவின் எடை அது. அந்தக் காலத்துத் திரள்கள் இன்றுள்ளவற்றைவிட மும்முரமாக விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருந்தன, பிறகு அந்த வேகம் படிப்படியாகச் சரிந்தது. ஏன் சரிந்தது என்பது நீண்டநாள் கேள்வி. கையிருப்பு வாயு அந்த வேகத்துக்கு ஓரிரு நூறு கோடி ஆண்டுக்கு மேல் தாங்காது என்று இந்தக் கணக்கு காட்டியது. வெளியிலிருந்து புதுவாயு போதிய அளவு வந்து சேராததால் அடுப்பு அடங்கியிருக்கலாம். 2020 அக்டோபரில் நேச்சர் இதழ் இதை வெளியிட்டது. அதற்கு ஐந்து வாரம் முன்பு, செப்டம்பர் 7 அன்று, புனேயில் ஸ்வரூப் காலமாகியிருந்தார். தான் எழுப்பிய தட்டுகள் கேட்ட இந்தக் குரல் அச்சில் வந்ததைப் பார்க்க அவர் இல்லை என்பது எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அள்ளி நிறுத்தாயிற்று. ஒற்றை மிளகு? அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. அர்னாப் சக்ரவர்த்தியும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நிருபம் ராயும் அதே கோடத் தட்டுகளின் பதிவுகளில் ஒரேயொரு திரளின் ஹைட்ரஜன் குரலைப் பிடித்தார்கள். 880 கோடி ஆண்டு பழைய குரல். நமக்கும் அதற்கும் நடுவே சரியாக இன்னொரு திரள் வந்து நின்றதால், அதன் ஈர்ப்பு ஓர் உருப்பெருக்கியாகி அந்தக் குரலை 30 மடங்கு பெருக்கிக் கொடுத்திருந்தது. மறைக்கும் நிலாவுக்கு நேர்மாறாக, குறுக்கே வந்தது ஒளித்துவைக்காமல் கூட்டிக் காட்டியது. அந்த ஒற்றைத் திரளை நிறுத்துப் பார்த்தார்கள்: அதிலிருந்த விண்மீன்களின் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வாயு இன்னும் விண்மீனாகாமல் அதில் கிடந்தது.