ஊரே காவல்

பயிருக்கு வேலி காவல். குழந்தைக்கு ஊர் காவல். தாயும் தந்தையும் முதற் காவலராவர். ஆயினும், அவர்தம் கண் எட்டாத இடத்தும் காலத்தும் பிள்ளைகளைக் காக்கும் கடமை அண்டை அயலார்க்கும் உண்டு.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை முன்னாளில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்தன. 1960-களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. பல மாவட்டத்தாரும், பின்னர்ப் பிற மாநிலத்தாரும் பிழைப்பு நாடி வந்து குடியேறினர். பாட்டனும் பாட்டியும் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டனர். தாய் பகலிலும் தந்தை இரவிலும் பணிக்குச் செல்லும் வீட்டில் பிள்ளை பல வேளை தனித்திருக்கிறது. அடுத்த வீட்டார் யாரென்று அறியாத தெருவில் அதன் அழுகை எவர் செவியிலும் விழுவதில்லை; விழுந்தாலும், ‘பிறர் வீட்டுச் செய்தி நமக்கு ஏன்?’ என்று கதவைச் சாத்திக்கொள்வாரும் உளர்.

குழந்தைக்கு நேரும் தீங்கு கொடுமை, புறக்கணிப்பு என இருவகைப்படும். அடித்தல், இழிமொழி கூறல், தகாத முறையில் தீண்டல், வேலை வாங்குதல் ஆகியவை கொடுமையாம். உணவும் மருத்துவமும் கல்வியும் அன்பும் தர இயன்றும் தாராது விடுதல் புறக்கணிப்பாம். வறுமையைப் புறக்கணிப்பு எனக் கொள்ளுதல் பிழை. கூலி வேலைக்குச் செல்லும் தாய் குழந்தையைத் தனியே விடுவது அன்பின்மையால் அன்று; ஒப்படைக்க ஆளின்மையால் ஆகும். அவளுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. அங்கன்வாடிக்கு வழிகாட்டும் அயலாரின் துணையே.

நடுவண் அரசு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் வினவியது. தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை அறிந்து நம்பியவர்களே என்றும், பெரும்பாலான குழந்தைகள் அதனை எவரிடமும் கூறவில்லை என்றும் அவ்வாய்வு காட்டிற்று. வேலியே பயிரை மேயும் நிலை இது. ஆதலின், ‘அறியாதவரிடம் எச்சரிக்கையாய் இரு’ என்னும் அறிவுரை மட்டும் போதாது. குழந்தை வாய் திறக்கும்போது சினவாது செவிகொடுக்கும் பெரியவர் வேண்டும். கலகலப்பான பிள்ளை திடீரெனப் பேச்சடங்குதல், ஒருவரைக் கண்டவுடன் நடுங்குதல், காரணம் கூறாது காயங்களை மறைத்தல், பள்ளிக்கு அடிக்கடி வாராமை ஆகியவை கருத்திற்கொள்ளத்தக்க குறிகள்.

இந்தியாவில் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே, அவ்வாண்டு 1920. பாலியல் குற்றங்களினின்றும் குழந்தைகளைக் காக்க 2012-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 18 வயது நிரம்பாதவர்க்கு அத்தகைய தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என்பது அதன் விதி. குழந்தையின் பெயரை ஊரறியச் செய்தல் குற்றமாகும். வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தலும் கூடாது. அஞ்சிய குழந்தை மேலும் அஞ்சலாகாது அன்றோ? 1098 என்னும் தொலைபேசி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். ஐயமுற்றதைச் சொல்வதே அழைப்பவர் கடமை. மெய்ப்பிப்பது விசாரிப்போர் பொறுப்பு.

தீங்குற்ற குழந்தையின்மேல் பழி சிறிதும் இல்லை. தோழனோ தோழியோ துயரைக் கூறினால் நம்பிக் கேட்டல் வேண்டும். நகைத்தலும் பிறரிடம் பரப்புதலும் ஆகா. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுதல் வேண்டும். அவர் செவிசாய்க்கவில்லையெனின் மற்றொருவரிடம் சொல்லுதல் வேண்டும். ஒருவரேனும் கேட்கும்வரை சொல்லுதலை நிறுத்தலாகாது.