அடங்காத நாய்க்குட்டியும் அமைதி தேடும் வீடும்

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில் பகுதியில் இரவானதும் தெருக்கள் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு வளவில் நாய் குரைக்கத் தொடங்கினால் அடுத்த வளவு நாயும் சேர்ந்துகொள்ளும். வேறு ஊர்களில் இது தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை மட்டுமே. எமது மக்கள் பலருக்கு இது அதைவிடக் கூடியது. போர்க்காலத்தில் நள்ளிரவில் நாய் குரைத்தால் தெருவில் யாரோ வருகிறார்கள் என்று பொருள். விளக்கை அணைத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சப்பாத்துச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று காதைக் கொடுத்தபடி இருந்தவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கிறார்கள். 2009இல் போர் முடிந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடப்பது பலருக்கு நிற்கவில்லை.

அதனால், ஓயாமல் துள்ளிக் குரைக்கும் ஓர் இளம் நாய், வீட்டின் நிம்மதியோடும் அயலவரின் நிம்மதியோடும் தொடர்புபட்ட விடயமாகிவிடுகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த குட்டி ஆறேழு மாதத்தில் அடங்காமல் போனால், அதற்குப் பெரும்பாலும் மூன்று முடிவுகள்தான் காத்திருக்கின்றன: கட்டைச் சங்கிலி, அடி, அல்லது சந்தைப் பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிடுதல். மூன்றுமே பிரச்சினையைக் கூட்டுகின்றன. பணம் செலவழிக்காமல், வீட்டில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய வேறு வழி இருக்கிறது.

ஏன் அடங்குவதில்லை?

முதற்காரணம் வயது. ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு வளரிளம் பருவம். பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து மாதத்தில் சொல் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவரின் சொல்லைக் குறைவாகக் கேட்டதைக் காட்டியது. அதே நாய்கள் அந்நியர் சொன்னபோது அந்த அளவுக்கு முரண்டு பிடிக்கவில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இது புதிதாக இராது. இது கடந்துபோகும் பருவம்.

இரண்டாவது காரணம் தூக்கமின்மை. சிறு குட்டிக்கு நாளொன்றுக்கு 18 மணித்தியாலம் வரை தூக்கம் வேண்டும். வளர்ந்த நாயும் நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். பிள்ளைகள் மாறி மாறி விளையாடும் வீட்டில் குட்டிக்குத் தூங்க இடமே கிடைப்பதில்லை. களைத்த குழந்தை அழுது அடம்பிடிப்பதைப் போலத்தான், களைத்த குட்டியும் கடித்து ஓடித் திரிகிறது. 'சக்தி கூடிவிட்டது' என்று நினைத்து மேலும் ஓடவிட்டால் நிலைமை மோசமாகும்.

மூன்றாவது காரணம் நாம். நாய் பேசாமல் படுத்திருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. பாய்ந்தால் சிரிக்கிறோம், கையால் தள்ளுகிறோம், கத்துகிறோம். நாய்க்குத் திட்டும் ஒருவகைக் கவனிப்புத்தான். எது பலன் தருகிறதோ அதை நாய் திரும்பச் செய்யும். அமைதிக்குப் பலன் கிடைக்காத வீட்டில் நாய் அமைதியைக் கற்றுக்கொள்ளாது.

ஓட்டத்தைவிட மோப்பம்

தினமும் நடை தேவைதான். ஆனால் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெயிலில் தார் வீதி நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. விடியற்காலையும் பொழுது பட்ட பிறகும் ஏற்ற நேரங்கள். நடக்கும்போது இழுத்துக்கொண்டு ஓடாமல், வேலியோரம் நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகவே விரிகிறது. மோப்பம் அதன் மூளைக்கு வேலை கொடுத்துக் களைக்க வைக்கும்.

மாரிமழை நாட்களில் இதை வீட்டுக்குள்ளேயே செய்யலாம். சோற்றை ஒரே கிண்ணத்தில் போடாமல், அதில் ஒரு பகுதியைப் பழைய துவாயில் சுருட்டி வையுங்கள். அல்லது கடதாசிப் பெட்டிக்குள் முள் நீக்கிய மீன் துண்டுகளை ஒளித்துவையுங்கள். தேடுவதும் நக்குவதும் சப்புவதும் நாயைத் தணிக்கும் செயல்கள். எமது கறிகளில் சேரும் வெங்காயமும் உள்ளியும் நாய்க்குக் கேடு. ஆகவே கறிச்சட்டி மிச்சத்தைக் கொடுக்காமல், உறைப்பில்லாமல் அவித்ததைக் கொடுங்கள். அவித்த கோழி எலும்பு நொறுங்கித் தொண்டையிலும் குடலிலும் குத்தும், அதையும் தவிருங்கள்.

சாக்கில் படுக்கப் பழக்குதல்

உலகெங்கும் நாய்ப் பயிற்சியாளர்கள் கையாளும் எளிய முறை, ஒரு விரிப்பை அமைதிக்குரிய இடமாக்குவது. ஒரு சுத்தமான சாக்கோ பழைய பாயோ போதும். விறாந்தையில், தெரு தெரியாத மூலையில் அதை விரியுங்கள்.

முதல் சில நாட்கள் நாய் தற்செயலாக அதில் கால் வைத்தாலே ஒரு சிறு மீன் துண்டைச் சாக்கின் மேல் வையுங்கள். கையில் கொடுக்க வேண்டாம். உணவு சாக்கிலிருந்து வருகிறது என்று அது விளங்கிக்கொள்ள வேண்டும். அது தானாகவே சாக்கைத் தேடிப் போகத் தொடங்கியதும், படுத்தால் மட்டும் கொடுங்கள். பிறகு படுத்து மூன்று விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடி என்று இடைவெளியைக் கூட்டுங்கள். தலையைத் தரையில் சாய்த்தல், ஒரு பக்கமாகச் சரிதல், நீண்ட மூச்சு விடுதல் ஆகியவை உண்மையான தளர்வின் அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் சத்தமில்லாமல் ஒரு துண்டை வையுங்கள். உரக்கப் பாராட்டினால் துள்ளி எழுந்துவிடும்.

அடுத்த படி, நீங்கள் ஓரடி விலகித் திரும்பி வருவது. பின்னர் கதவு வரை போய் வருவது. பின்னர் ஒருவர் கேற்றைத் தட்டுவது. நாய் எழுந்துவிட்டால் ஏச வேண்டாம். படியைக் கடினமாக்கிவிட்டோம் என்று கொண்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். பல நாய்களுக்கு மாற்றம் தெரியச் சில வாரங்கள் எடுக்கும்.

பாய்வதற்குக் கவனிப்புக் கொடுப்பதை நிறுத்தியதும் நாய் முதலில் இன்னும் கூடப் பாயும், இன்னும் உரக்கக் குரைக்கும். முன்பு பலித்தது இப்போது ஏன் பலிக்கவில்லை என்று அது முயன்று பார்க்கிறது. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விடுகிறார்கள். அப்பா திரும்பி நின்றுகொள்ள, அம்மம்மா பிஸ்கற் கொடுத்தால் பாய்ச்சல் நிற்காது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம்.

அடித்தால் என்ன?

அடி நாயை அந்தக் கணத்தில் நிறுத்தும். ஆனால் அமைதியைக் கற்றுத் தராது. போர்த்துக்கலில் 92 நாய்களை வைத்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தண்டனை வழியில் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது கூடுதல் பதற்றக் குறிகளைக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்த ஹோர்மோனும் கூடியிருந்தது. பயந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கக் கூடும். நாள் முழுதும் கட்டைச் சங்கிலியில் நிற்கும் நாயும் அவ்வாறே. விலகிப்போக வழியில்லாததால் குரைப்பதும் பாய்வதுமே அதற்கு மிஞ்சுகின்றன.

இரவுக் குரைப்பு

இரவில் கத்தி அடக்க முயன்றால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய் எடுத்துக்கொள்ளும். தெரு தெரியாதபடி கேற்றில் பழைய தகரமோ கிடுகோ கட்டலாம். நாயைப் பின் விறாந்தைக்கோ வீட்டுக்குள்ளோ எடுக்கலாம். தீபாவளி, புத்தாண்டு வெடிகளின்போது நடுங்கும் நாயைப் பக்கத்தில் வைத்துத் தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. வெடிச் சத்தத்துக்கு நடுங்குபவர்களைக் கண்ட எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2019இல் 58 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் ஆராய்ந்து, இருவரின் முடியிலும் உள்ள மன அழுத்த ஹோர்மோனின் அளவு ஒத்துப்போவதைக் கண்டது. இதைக் குற்றச்சாட்டாக எடுக்கத் தேவையில்லை. பதற்றத்தோடு வாழும் ஒருவர் நல்ல வளர்ப்பாளராக இருக்க முடியாது என்று இது சொல்லவில்லை. சாக்கில் படுத்த நாயின் அருகே அமர்ந்து, ஆறுதலாக மூச்சு விட்டு, அதன் நெஞ்சை மெதுவாகத் தடவும் ஐந்து நிமிடம் உங்களுக்கும் உரியது. குரைப்புச் சத்தம் பழைய நினைவுகளைக் கிளறித் தூக்கத்தைத் தொடர்ந்து கெடுக்குமானால், அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் அதைச் சொல்லலாம். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல.

வெளியே விடுமுன்

திருகோணமலையில் புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டுமன்றி நகரத்திலும் உலாவுகின்றன. துரத்திப் பழகிய நாய் மானையும் சைக்கிளில் போகும் பிள்ளையையும் ஒன்றாகவே பார்க்கும். எனவே வீதியில் கயிறு இல்லாமல் விட வேண்டாம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

அமைதியாக இருந்த நாய் திடீரென்று ஓய்வின்றித் திரிந்தாலோ, தொட்டால் உறுமினாலோ, வலியோ நோயோ இருக்கலாம். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றபடி இன்று தொடங்க ஒரு சாக்கும் கொஞ்ச மீனும் போதும். அடுத்த முறை உங்கள் நாய் தானாகப் படுத்திருப்பதைக் கண்டால், பேசாமல் கடந்து போகாமல் ஒரு துண்டை அதன் முன்னால் வைத்துவிட்டுப் போங்கள்.