மரமிடாவில் மூத்த மது

மதுவின் சுவையைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது தகுமோ என்னும் ஐயம், இத்தலைப்பைக் கண்ட அன்பர் சிலர்க்கு எழுதல் இயல்பே. கள்ளுண்ணாமைக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். குடியினாற் சிதைந்த குடும்பங்களை நம்மூர்களில் நாளும் காண்கின்றோம். ஆதலின், யான் கூறப்போவது குடிக்குப் பரிந்துரையன்று. ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்ற ஆசிரியன் ஒருவனின் அனுபவமே ஈண்டுக் கூறப்படுவது.

அச்சொல் 'தேறல்' என்பது. திருமுருகாற்றுப்படையிலே, குன்றக் குறவர் நெடிய மூங்கிற் குழாயில் முற்ற விளைந்த தேறலைச் சுற்றத்தோடு உண்டு மகிழ்தலை நக்கீரர் பாடியுள்ளார். இப்பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒருநாள், மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மூங்கிலுக்குள் நெடுநாள் வைத்தால் சுவையில் என்ன மாறும்?" என்று வினவினாள். "இனிமையும் களிப்பும் மிகும்" என்றேன். அவள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அறியாத ஒன்றை அறிந்தவன்போற் கூறினேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அவ்விடை பன்னாள் என் நெஞ்சை உறுத்திற்று.

பின்னர் பெல்சிய நாட்டில் வாழும் என் மருமகன் அழைப்பின்பேரில் அங்குச் சென்றிருந்தேன். மேற்குப் பிளாந்தர் மாகாணத்தில் றூசெலாரே என்றொரு நகர் உண்டு. அங்கே 1821ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற றொடன்பாக் என்னும் பியர் வடிசாலை இன்றும் இயங்குகின்றது. புகையிரதத்திற் செல்லும்போது யான் என் மனக்குறையை மருமகனுக்குச் சொன்னேன். அவன் நகைத்து, "மாமா, நீங்கள் குடிக்கத் தேவையில்லை. மணந்து பார்த்தாற் காணும்" என்றான்.

அவ்வடிசாலையின் கூடங்களிலே ஓக் மரத்தாற் செய்த மிடாக்கள் ஏறத்தாழ 300 நிற்கின்றன. அவற்றுட் சில பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செய்யப்பட்டவை. பெரியவை 60,000 லீற்றருக்கு மேற் கொள்வன. பழங்கோயிலின் தூண்வரிசையிடையே நடப்பது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. குளிர்ந்த அவ்விருளில் நனைந்த மரமும் புளித்த பழமும் கலந்ததொரு மணம் நிறைந்திருந்தது.

முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வடித்த சாறு முதலில் மதுவத்தால் நொதிக்கின்றது. பின்னர் அதன் ஒரு பகுதி இம்மிடாக்களிற் புகுந்து இரண்டாண்டளவு கிடக்கின்றது. அங்கே வேறோர் உயிர்க்கூட்டம் தொழிலை ஏற்கின்றது. பற்றீரியா வகைகள் இலற்றிக்கமிலத்தையும் அசற்றிக்கமிலத்தையும் ஆக்குகின்றன. பிரெத்தனோமைசீசு என்னும் காட்டு மதுவம் எஞ்சிய வெல்லத்தை மெல்ல மெல்ல உண்டு நறுமணங்களைத் தோற்றுவிக்கின்றது. இதனைக் கோபன்கேகனிலுள்ள கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தினர் ஒருவர் ஆங்கில நாட்டுப் பியரிற் கண்டு 1904இல் வெளிப்படுத்தினார். 'பிரித்தானியப் பூஞ்சை' என்பதே அப்பெயரின் பொருள். மரத்தின் நுண்டுளைகள் வழியே ஒட்சிசன் மிகச் சிறிதளவே உட்புகும். மிகையாகப் புகுந்தால் மது வெறும் வினாகிரியாகிவிடும். ஆகவே காலம் தானே எதனையும் நன்றாக்கிவிடுவதில்லை. காலத்தைக் காக்கும் கலமும் வேண்டும், கருத்துள்ள காவலனும் வேண்டும்.

ஒரே மிடாவிலிருந்து எடுத்துக் கலப்பின்றி அடைத்த முதுமதுவைச் சிறு கிண்ணத்தில் வார்த்துத் தந்தனர். அதில் அற்ககோல் 7 சதவீதம். மணந்தால் மட்டும் போதாதென்று தோன்றிற்று. ஒரு மிடறு பருகினேன்.

நிறம் கடுஞ்சாயத் தேநீரின் செம்மை. மணத்திலே முதலில் வினாகிரியின் கூர்மை எழுந்தது. அதன் பின்னே கனிந்த நாவற்பழம் போன்றதொன்று மறைந்து நின்றது. நாவிற் பட்டதும் புளிப்பு. விளாம்பழத்தை உடைத்தவுடன் வாயில் இட்டாற்போன்ற புளிப்பு. 'இது கெட்டுப்போன பொருள்' என்றே முதற்கணம் எண்ணினேன். ஆனால் அப்புளிப்பு நில்லாது விலக, சற்றே கருகிய பனங்கட்டியின் இனிமை அவ்விடத்தை நிரப்பிற்று. அதுவும் அடங்கிய பின் நாவின் ஓரங்களை மெல்ல இறுக்கிய துவர்ப்பு, மரம் தந்த கொடை. கைப்பு இருந்தும் இல்லாததுபோல் இருந்தது. நெஞ்சில் இளஞ்சூடு பரவிற்று. ஒரு மிடற்றில் நான்கு சுவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வணங்கிச் சென்றன. எஞ்சியதை மருமகன் பருகினான்.

அடுத்து அங்குக் கேட்ட செய்தியே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அவர்கள் முதுமதுவைப் பெரும்பாலும் தனியே விற்பதில்லை. மூத்ததில் இருபங்கும் இளையதில் ஒருபங்கும் கலந்து ஒருவகை செய்கின்றனர். மூத்ததில் காற்பங்கும் இளையதில் முக்காற்பங்கும் கலந்து பிறிதொருவகை செய்கின்றனர். மூத்தது ஆழம் தரும், இளையது உயிர்ப்புத் தரும். அளவறிந்து கலப்பதே அத்தொழிலின் உச்சம்.

றொடன்பாக் என்னும் பெயர் இலக்கியத்துக்கும் உரியது. அக்குடியில் 1856இல் பிறந்த அல்பிறெக்ற் றொடன்பாக், பிரெஞ்சு மொழியின் மேலாட்சிக்கெதிராகப் பிளெமிய மாணவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்க்குக் கவிஞராகத் திகழ்ந்தார். 1875இல் அந்நகரின் குருமடப் பள்ளியிலே அக்கிளர்ச்சி மூண்டது. 1880இல், இருபத்துமூன்று வயதிலேயே அவர் மறைந்தார். அதே குடிவழியில் வந்த ஜோர்ஜ் றொடன்பாக்கோ பிரெஞ்சு மொழியில் எழுதி, 'இறந்த புறூஜ்' என்னும் பொருள்படும் பெயருடைய நாவலால் 1892இற் புகழ்பெற்றார். ஒரு குடும்பம், இரு மொழிகள்.

அல்பிறெக்றின் ஆசிரியர் ஹியூகோ வெரீஸ்ற். வெரீஸ்றின் ஆசிரியர் அதே பள்ளியிற் கற்பித்த கவிஞர் கீடோ கெசெல்ல. இவர் மேற்குப் பிளாந்தரின் நாட்டுமக்கள் வழங்கிய பழஞ்சொற்களைத் தேடித் தொகுத்து, அவற்றைக்கொண்டே முன்னில்லாத புதுக்கவிதை படைத்தவர். அவரும் ஒருவகையில் மூத்ததையும் இளையதையும் கலந்தவரே. இவ்வாசிரிய பரம்பரையை அறிந்தபோது, தொலைதேசத்தில் நம்மவர் சிலரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் நடந்த மரபுப் போராட்டத்தை என் ஆசிரியர் வாயாற் கேட்டு வளர்ந்தவன் யான். அவர் பண்டிதர் பக்கம் நின்றவர். யானும் அவ்வழியே நின்று, மாணவர் எழுதிக் கொணர்ந்த புதுநடைக் கவிதைகள் பலவற்றைச் செங்கோலிட்டுத் திருப்பியிருக்கின்றேன். முதற்கணம் புளித்த மதுவைக் கெட்டதென்று எண்ணியதுபோலவே அவற்றையும் எண்ணினேனோ? என் கையிலிருந்த மூத்த மிடாவில் இளையதற்கு ஒரு பங்கேனும் இடம் வைத்தேனல்லேன். இதனை எண்ணி இப்போது வருந்துகின்றேன்.

மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் இவ்வாறே சுவைத்தது என்று சாதிக்க முன்வரேன். தேனும் வேறு, வாற்கோதுமையும் வேறு. மூங்கிலும் வேறு, ஓக்கும் வேறு. ஆயினும் கலம் தன் இயல்பைத் தன்னுள் இருப்பதற்கு ஊட்டும் என்பதை நா அறிந்தது.

ஊர் திரும்பியதும் வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, "அன்று யான் கூறிய விடை பிழை. இனிமை மிகும் என்று எழுதியதை வெட்டிவிடு. புளிப்பும் துவர்ப்பும் வந்து சேர, இனிமை ஆழம் பெறும் என்று எழுது" என்றேன். அவள் எழுதினாள். பின்பு, "ஐயா, சென்ற தவணை நீங்கள் திருப்பித் தந்த என் கவிதையை மறுபடியும் காட்டலாமா?" என்று கேட்டாள்.

காட்டும்படி சொன்னேன்.